திருவிழாவும் காணிக் கச்சேரியும்

வட இலங்கையின் வன்னியில் பல மதத்தவரும் பல ஊரவரும் ஒற்றுமையாக இருக்கிறார்களா என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், நாங்கள் உடனே இரண்டு இடங்களைச் சொல்லுவோம். ஒன்று வற்றாப்பளை, மற்றது மடு. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முல்லைத்தீவே திரண்டு நிற்கும். சிலாவத்தைக் கடலில் எடுத்து வந்த உப்புத் தண்ணீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கு எரியும், பிறகு அங்கிருந்து மடைப்பண்டம் வற்றாப்பளைக்குப் போகும். அதே கண்ணகையைப் பத்தினித் தெய்வமென்று கும்பிடுகிற சிங்களச் சனமும் வந்து நிற்கும். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்குக் காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களில் தமிழர், சிங்களவர் என்று பிரித்துப் பார்க்க முடியாது. கத்தோலிக்கர் அல்லாத எத்தனையோ பேர் நேர்த்திக்கடனோடு வருவார்கள். எங்கள் அம்மாவும் வருடா வருடம் மடுவுக்குப் போய் மண் எடுத்து வந்து சாமியறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைப்பார்.

இதில் எதுவும் நடிப்பு இல்லை. இந்த இரண்டு வாசல்களிலும் நின்று நான் கண்கலங்கியிருக்கிறேன். ஆனாலும் சகிப்புத்தன்மை பற்றி எழுத உட்காரும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இவை இரண்டும் இல்லை. அரச காணி பங்கிடக் கூடுகிற காணிக் கச்சேரி, கோடை நெல்லுக்குத் தண்ணீர் பிரிக்கிற சிறுபோகக் கூட்டம், முஸ்லிம்களின் அடக்க இடமான மையவாடிக்கு இடம் கேட்டு எழுதிய கடிதம், பள்ளிக்கூட நேரசூசி, இவைதான் வருகின்றன. திருவிழாவில் பக்கத்தில் நிற்பவருக்கு இடம் விட்டால் எங்களுக்கு எதுவும் குறையாது. அம்மனின் அருள் பங்கு போட்டுக் குறைகிற பொருளா? காணியும் தண்ணீரும் அப்படி இல்லை. ஒருவருக்குக் கால் ஏக்கர் எழுதினால் அது இன்னொருவருக்கு இல்லை. அந்த இடத்தில் எங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் நான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வன்னியில் யார் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் அப்பப்பா வடமராட்சிக்காரர். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் காடு வெட்டிக் காணி கொடுத்த காலத்தில் வந்தவர். அப்போது இங்கே ஏற்கெனவே பரம்பரையாக இருந்த வன்னியார் எங்களை ‘யாழ்ப்பாணத்தார்’ என்றுதான் சொல்லுவார்களாம். வேட்டை தெரியாது, மாடு பிடிக்கத் தெரியாது, புகையிலை மட்டும் தெரியும் என்று பகிடி பண்ணுவார்களாம். அப்பப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்து கிடந்தபோது கஞ்சி கொண்டு வந்து கொடுத்ததும் அதே மனிதர்கள்தான். பத்து வருடத்தில் நாங்களும் இந்த ஊர்க்காரர் ஆகிவிட்டோம். இன்று எங்களைப் ‘பிறத்தியார்’ என்று யாரும் சொல்வதில்லை.

எங்களுக்குப் பிறகு வந்தவர்களுக்கு அது அத்தனை சுலபமாக நடக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1958இலும் 1977இலும் கலவரங்கள் அவர்களைத் தோட்டங்களிலிருந்து வடக்கு நோக்கித் துரத்தின. வவுனியாவில் டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு, வந்த குடும்பங்களைப் பண்ணைகளில் குடியமர்த்தியது. 1983 யூலையில் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். அந்த மக்கள் கிளிநொச்சிப் பக்கம் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், உதயநகர் என்று பரவினார்கள். காட்டை வெட்டினார்கள், பாம்புக்கும் யானைக்கும் நடுவில் கொட்டில் போட்டார்கள், போர் வந்தபோது எல்லோரையும் போலப் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். ஆனால் இன்றைக்கும் சம்பந்தம் பேசும் வீட்டில் ‘அவை எந்தப் பக்கம்?’ என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். தோட்டத்தைச் சேர்த்துச் சொல்கிற ஒரு வசைச்சொல் உண்டு. அதை என் வகுப்பிலேயே ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டில் கேட்காமல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் எப்படி வரும்?

வசைச்சொல்லைவிடத் தண்ணீர் பெரிய விஷயம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் மாரிப் பயிரான காலபோகத்தில் பிரச்சினை குறைவு, மழை பார்த்துக்கொள்ளும். சிறுபோகத்துக்குக் குளத்தில் இருக்கிற தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. எனவே எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று கூட்டம் வைத்து முடிவு செய்வார்கள். கமக்கார அமைப்பில் இருப்பவர்கள் பேசுவார்கள், சண்டை பிடிப்பார்கள், கடைசியில் பங்கு பிரிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் இடம் இருப்பது வயல் உள்ளவருக்கு. மலையகத்திலிருந்து வந்தவர்களில் மிகப் பலருக்குக் கிடைத்தது வாய்க்கால் ஏறாத மேட்டுநிலம். அதனால் தண்ணீர் பற்றிய பேச்சில் அவர்களுக்கு வாயே இல்லை. யாரும் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை, உள்ளே வருவதற்கான காரணமே அவர்களிடம் இல்லாமல் இருக்கிறது. வயல் விதைக்கவும் அருவி வெட்டவும் அவர்கள் வருவார்கள், கூலி வாங்கிப் போவார்கள். பலரும் இதைப் பிரிவினை என்று நினைப்பதே இல்லை, ஏனென்றால் இதில் கோபமோ கத்தலோ கிடையாது. எனக்கு இதுதான் மிகவும் கவலை தருகிறது.

அடுத்தது பத்திரம். போர் முடிந்த பிறகு இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். காணி உங்களுடையது என்று காட்ட வேண்டும். உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதவருக்கு வீட்டுத் திட்டம் எட்டாது. தனியார் பெயரில் இருக்கிற காணிகளில் பல ஆண்டுகளாகக் குடியிருந்த குடும்பங்கள் இதில் நடுத்தெருவில் நின்றன. 2017இல் பன்னங்கண்டியில் அப்படிப்பட்ட மக்கள் காணி உரிமை கேட்டு வீதியோரத்தில் உட்கார்ந்தார்கள். அதே காலத்தில் கேப்பாபுலவில் படையினர் வைத்திருந்த காணிகளைக் கேட்டு மக்கள் இரவும் பகலுமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். கேப்பாபுலவுக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் குரல் வந்தது. வரத்தான் வேண்டும். பன்னங்கண்டிக்கு அவ்வளவு குரல் வரவில்லை. ஒரு பக்கம் காணியை வைத்திருந்தது இராணுவம், மறுபக்கம் காணியின் சொந்தக்காரர்கள் எங்களவர்கள். இந்த வேறுபாட்டைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, முஸ்லிம்கள் பற்றி.

தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் என்று எங்கள் பக்கத்தில் முஸ்லிம் கிராமங்கள் இருந்தன. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு ஆடு உரித்துக் கொடுத்ததும், மழைக்கு முந்திக் கூரை வேய உதவிக்கு வந்ததும் அவர்கள்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேறச் சொன்னார்கள். 70,000 பேருக்கும் மேல் வெளியேறினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். முல்லைத்தீவிலிருந்து போனவர்கள் வவுனியாவரை நடந்தும் உழவு இயந்திரத்திலும் போனார்கள், பிறகு பெரும்பாலானோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் இருபது வருடம் இருந்தார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் அதை ஓர் அரசியல் தவறென்று ஒப்புக்கொண்டார். ஆனால் எங்கள் ஊரில் அதைப் பற்றிப் பெரியவர்கள் பேசி நான் கேட்டது குறைவு. பயம் இருந்தது, உண்மை. பயம் போன பிறகும் பேசவில்லை, அதுவும் உண்மை.

என் வகுப்பில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவள் போரெல்லாம் முடிந்த பிறகு மூன்று பிள்ளைகளோடு திரும்பி வந்தாள். அவர்களுடைய வளவுக்குள் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. அவர்களும் பாவப்பட்டவர்கள்தான், செம்மலைப் பக்கத்திலிருந்து நான்கைந்து தடவை இடம்பெயர்ந்து கடைசியில் வெறும் வளவொன்று கிடைத்ததென்று இருந்தவர்கள். கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியது அவர்கள், தென்னை வைத்தது இவளுடைய வாப்பா. விதானையார் வந்தார், டி.எஸ். ஒபிசிலிருந்து (பிரதேச செயலகம்) ஆட்கள் வந்தார்கள், ஏழெட்டு மாதம் இழுபட்டது. இவள் ஒருநாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னாள்: “நாங்க போகேக்க ஒரு குடும்பம். இப்ப எங்கட உம்மாட பிள்ளைகள் மட்டும் அஞ்சு குடும்பம். காணி அதே காணிதான். நாங்க எங்க போறது, சொல்லு?”

இந்தக் கேள்விக்குள்தான் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. 1990இல் போன பிள்ளைகள் புத்தளத்தில் கலியாணம் செய்து பிள்ளை பெற்றுவிட்டார்கள். திரும்பும்போது பழைய காணி போதாது, புதுக்காணி வேண்டும். அதற்கு அரச காணி அல்லது காடு வேண்டும். முள்ளியவளைப் பக்கத்தில் அப்படிக் காடு துப்புரவாக்கத் தொடங்கியதும் தமிழ் இளைஞர்கள் எதிர்த்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கே காணி இல்லையே, அவர்களுக்கு மட்டும் எப்படி என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. போரில் அடிபட்டு, காணியில்லாமல், சகோதரியின் வளவில் ஒரு மூலையில் கொட்டில் போட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அரசியல்வாதிகள் இரண்டு பக்கத்திலும் தங்கள் தங்கள் ஆட்களுக்கு மட்டும் பேசினார்கள், அதுவும் சந்தேகத்தைக் கூட்டியது.

ஆனால் இங்கே நான் ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்வேன். முல்லைத்தீவில் எவ்வளவு நிலம் படைமுகாம்களிடம் இருக்கிறது, எவ்வளவு நிலத்தை வனத்திணைக்களமும் தொல்பொருள் திணைக்களமும் எல்லைக்கல் போட்டு எடுத்தன என்பதைக் கணக்கில் எடுக்காமல், மிஞ்சிய துண்டைப் பிடித்துக்கொண்டு தமிழ்க் காணியற்றவரும் முஸ்லிம் காணியற்றவரும் சண்டை பிடிப்பது யாருக்கும் நல்லதில்லை. இருவரும் ஒரே மேசைக்கு முன்னால் ஒரே பட்டியலோடு போயிருக்க வேண்டியவர்கள். எத்தனை பேர் வீட்டில், எத்தனை வருடமாகக் காணி இல்லை, வீட்டுக்குப் பெண் தலைமையா, கால் கையிழந்தவர் உண்டா என்று தேவையைப் பார்த்து எழுதுகிற பட்டியல். பெயரைப் பார்த்து எழுதுகிற பட்டியலாக அது மாறிய நாளிலேயே நாங்கள் இருவரும் தோற்றுவிட்டோம்.

அந்த வளவு விஷயம் எப்படி முடிந்தது என்றால், தமிழ்க் குடும்பத்துக்கு வேறிடத்தில் காணி கிடைத்தது. கிடைக்கும்வரைக்கும் இரண்டு குடும்பமும் ஒரே கிணற்றில் அள்ளினார்கள். அன்பினால் என்று சொல்ல மாட்டேன். முகம் கொடுத்துப் பேசாத நாட்களும் இருந்தன. ஆனால் யாரும் மற்றவரின் வாளியைத் தூக்கி எறியவில்லை, வேலிக் கதியாலைப் பிடுங்கவில்லை. ஒருவரை எனக்குப் பிடிக்காமல் இருக்கலாம், அவருடைய உரிமை எனக்கு இடைஞ்சலாகவும் இருக்கலாம், அப்படியிருந்தும் அவர் தண்ணீர் அள்ளத்தான் வேண்டும். சகிப்புத்தன்மை என்று நான் நம்புவது இதைத்தான். நெஞ்சு நிறைந்த பாசம் வந்த பிறகுதான் நியாயமாக நடப்பேன் என்றால் அந்தக் காலம் வரவே வராது.

இதையெல்லாம் பேசும்போது எங்கள் ஊரில் உடனே வருகிற பதில் ஒன்று உண்டு. “ரீச்சர், அவங்கள் எங்களைச் சகிக்கிறாங்களோ? குருந்தூர்மலையைப் பாருங்கோ.” பார்க்காமல் இல்லை. சைவர் கும்பிட்டு வந்த அந்த மலையில் பௌத்த விகாரை எழும்பியது. தமிழர் இருந்த மணலாறு எப்படிச் சிங்களக் குடியேற்றமாகி வெலிஓயா ஆனது என்று எங்கள் அப்பப்பா காலத்து ஆட்களுக்குத் தெரியும். 2019 செப்டெம்பரில் நாயாறு நீராவியடிப் பிள்ளையார் கோயிலின் தீர்த்தக்கேணிக்கு அருகில், வேறிடத்தில் தகனம் செய்யுங்கள் என்று நீதிமன்றம் சொல்லியும், அங்கே விகாரை வைத்திருந்த பிக்குவின் உடலை எரித்தார்கள். கட்டளையைச் சொல்ல நின்ற சட்டத்தரணி தாக்கப்பட்டார். குருந்தூர்மலை வழக்கில் கட்டளைகள் பிறப்பித்த முல்லைத்தீவு நீதவான் 2023 செப்டெம்பரில் பதவி விலகி நாட்டை விட்டே போனார். 2024 சிவராத்திரி இரவில் வெடுக்குநாறி மலையில் பூசை செய்தவர்களைப் பொலிசார் இழுத்துப் போனார்கள்.

இவற்றைச் சகித்துக்கொள் என்று யாராவது எனக்குச் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். நீதிமன்றக் கட்டளையை மீறுவதும், கும்பிட வந்தவரைக் கைது செய்வதும் வேற்றுமை இல்லை, அவை அதிகாரம். அதை எதிர்த்து வழக்குப் போட வேண்டும், வீதியில் நிற்க வேண்டும், எழுத வேண்டும். பலமுள்ளவன் மிதிக்கும்போது பலமில்லாதவனிடம் பொறுமையாக இரு என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் நீராவியடியில் எங்களுக்கு நடந்த அநியாயத்தை நீராவிப்பிட்டியில் இருக்கிறவர் ஏன் கட்ட வேண்டும்? அவர் எங்களைவிடச் சிறிய கூட்டம். முல்லைத்தீவில் நாங்கள்தான் பெரும்பான்மை. கொழும்பில் சிறுபான்மையாக இருப்பது எப்படி வலிக்கும் என்று தெரிந்த நாங்கள், எங்கள் பிரதேச சபைக்குள் பெரும்பான்மையாக இருக்கும்போது எப்படி நடக்கிறோம் என்பதை யாரும் வந்து கேட்பதில்லை. நாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரணைதீவில் நடந்ததை இதற்காகவே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கொரோனா வந்த 2020இல், தொற்றால் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசு வர்த்தமானி வெளியிட்டது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அந்த வருடக் கடைசியில் பிறந்து இருபது நாளான குழந்தையொன்றையும் எரித்தார்கள். கிறிஸ்தவர்களிலும் புதைக்க விரும்பியவர்களுக்கு அதே கதிதான். தமிழர் உரிமைகளைக் கேட்டு 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிய நடைபயணம் 7ஆம் திகதி பொலிகண்டியில் முடிந்தபோது, அதன் கோரிக்கைகளில் ஜனாஸா எரிப்பை நிறுத்துவதும் ஒன்று. முஸ்லிம்கள் அதில் தமிழரோடு சேர்ந்து நடந்தார்கள். வன்னியூடாக அந்த ஊர்வலம் போனதை வீதியில் நின்று பார்த்தேன். தொப்பி போட்ட இளைஞர்களுக்கு எங்கள் ஊர் அம்மாக்கள் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள். முப்பது வருடத்தில் அப்படியொரு காட்சியை நான் கண்டதில்லை.

ஒரு மாதம்கூடப் போகவில்லை. பெப்ரவரிக் கடைசியில் புதைக்க அனுமதி கொடுத்த அரசு, மார்ச் தொடக்கத்தில் புதைக்கும் இடமாக இரணைதீவை அறிவித்தது. பூநகரிப் பிரிவைச் சேர்ந்த அந்தத் தீவில் இருப்பவர்கள் கத்தோலிக்கத் தமிழ் மீனவர்கள். 1992இல் இடம்பெயர்ந்து இரணைமாதா நகரில் இருந்தார்கள், தீவைக் கடற்படை வைத்திருந்தது. கேட்டுக் கேட்டு, போராடிப் போராடி, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறிப் போய் இறங்கினார்கள். கடலட்டையும் நண்டும் பிடித்து, இடிந்த வீடுகளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாட்டின் எந்தெந்த மூலையிலோ இறந்தவர்களை அங்கே கொண்டுவந்து புதைக்கப் போகிறோம் என்றார்கள். தீவார் எதிர்த்தார்கள். எதிர்க்காமல் என்ன செய்வார்கள்?

அந்த இரண்டு மூன்று நாட்களில் என் தொலைபேசிக்கு வந்த செய்திகள் எனக்குப் பெரும் வேதனை தந்தன. பொலிகண்டிவரை நடந்ததைப் புகழ்ந்து எழுதிய ஆட்களில் சிலரே, ‘சோனகரின் பிரேதம் எங்கள் மண்ணில் வேண்டாம்’ என்று பகிர்ந்தார்கள். மறுபக்கத்தில், ‘தமிழர் இவ்வளவுதான், தண்ணீர் கொடுத்ததெல்லாம் படத்துக்கு’ என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்ட இரண்டு சனங்களை ஒரே அறிவிப்பால் எதிரெதிரே நிறுத்த முடிந்திருக்கிறது. முஸ்லிம்கள் யாரும் இரணைதீவைக் கேட்கவில்லை. தங்கள் ஊர் மையவாடியில், வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் பக்கத்தில் புதைக்கத்தான் கேட்டார்கள். இரணைதீவுக்கு வேண்டாம் என்று சொல்லும் அதே மூச்சில் ‘அவரவர் ஊரில் அவரவர் முறையில் புதைக்க விடு’ என்றும் சொல்லியிருந்தால் இரண்டும் ஒரே கோரிக்கைதான். அப்படிச் சொன்னவர்களும் இருந்தார்கள், அவர்களின் குரல் மற்றதில் அமுங்கிப்போயிற்று. கடைசியில் மார்ச் 5ஆம் திகதியிலிருந்து மட்டக்களப்பு ஓட்டமாவடியில் புதைத்தார்கள். கட்டாய எரிப்புக்காக அரசு 2024 யூலையில் மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்ட குழந்தையின் தாய்க்கு அந்த மன்னிப்பு என்ன செய்யும் என்று தெரியவில்லை.

எங்கள் ஊர்களில் சுடலை ஒருபக்கம், சேமக்காலை ஒருபக்கம், மையவாடி ஒருபக்கம் என்று காலங்காலமாக இருக்கின்றன. ஒன்றின் மதில் இன்னொன்றை எந்த நாளும் உறுத்தியதில்லை. திரும்பி வந்தவர்கள் பழைய மையவாடியின் எல்லையை அளந்து தரச் சொல்லிக் கடிதம் கொடுத்தால், அதற்கு மட்டும் வருடக்கணக்கு ஏன் ஆகிறது?

மன்னாரையும் ஒரு வரி சொல்லாமல் விட முடியாது. 2019 சிவராத்திரிக்கு முதல் நாள் திருக்கேதீஸ்வர வீதியில் வைத்த வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கினார்கள், கொடியை மிதித்தார்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், எதிரே மாந்தையில் மாதா கோயில். அதற்குப் பிறகு இரு பக்கத்தவரும் நூற்றாண்டுக் கணக்கைத் திறந்தார்கள். போர்த்துக்கீசர் கோயிலை இடித்தார்கள் என்று ஒருவர். 1544இல் சங்கிலி மன்னன் மன்னார்க் கத்தோலிக்கரை வெட்டினான் என்று மற்றவர். இரண்டும் நடந்தவை. இன்னும் ஒன்றும் நடந்தது: ஒல்லாந்தர் கத்தோலிக்கரை வேட்டையாடியபோது, மாந்தையிலிருந்து மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு மறைவிடம் கொடுத்தது இந்த வன்னிக் காடு. 1670 அளவில் மடுவுக்கு மாதா வந்தது அப்படித்தான். பழைய கணக்கைத் திறக்கிறவர்கள் அந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

சாதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், எழுதினால் தனிக் கட்டுரை வேண்டும். 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மனிக்பாம் முகாம்களில் ஒரு தண்ணீர்க் குழாய்க்கு எல்லோரும் ஒரே வரிசையில் நின்றோம். இனிச் சாதி ஒழிந்தது என்று பலர் நம்பினார்கள். ஊர் திரும்பிக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு உபயகாரர் பட்டியல் போட்டவுடன் அது அப்படியே எழும்பி வந்தது. சேர்ந்து துன்பப்பட்டால் சேர்ந்து வாழப் பழகிவிடுவோம் என்கிற நம்பிக்கை எனக்கு அன்றோடு போயிற்று. அதற்கு வேறு உழைப்பு வேண்டும், ஒவ்வொரு கூட்டத்திலும், ஒவ்வொரு பட்டியலிலும்.

பள்ளிக்கூடத்தில் அந்த உழைப்பு சிறியது, ஆனால் செய்யலாம். எங்கள் பாடசாலையில் வெள்ளி மதியம் ஜும்ஆவுக்குப் போகிற ஆண்பிள்ளைகளுக்குக் கணிதப் பாடம் தவறிக்கொண்டிருந்தது. நேரசூசியில் அந்தப் பாடத்தைச் செவ்வாய்க்கு மாற்றி, வெள்ளி கடைசிப் பாடவேளைக்குச் சித்திரத்தையும் விளையாட்டையும் போட்டோம். எந்தப் பிள்ளைக்கும் எதுவும் குறையவில்லை. உயர்தரப் பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கியைக் குறைக்கும்படி கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றுக்கும் ஒரே கடிதத்தில் கேட்டோம். முன்பு தனித்தனியாகக் கேட்டபோது ஒவ்வொருவரும் ‘முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்’ என்றார்கள். ஒரே கடிதமாகப் போனதும் மூவரும் கேட்டார்கள். வீடொன்றில் கூடிச் செபிக்கிற புதிய சபைக்காரருக்கும் பிரதி கொடுத்தோம். அவர்களை ஊரில் ஒருவரும் எதற்கும் கூப்பிடுவதில்லை, அதனாலேயே கொடுத்தோம்.

முஸ்லிம் தீவிரவாதிகள் சிலர் வெடிக்க வைத்த 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு எங்கள் பக்கம் புடைவை கொண்டுவந்து விற்கிற முஸ்லிம் நானாவைச் சனம் ஒழுங்கைக்குள் விடப் பயந்தது. என் பெரியம்மா அவரைக் கூப்பிட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி, பிளேன்டீ கொடுத்து, தேவையில்லாமலே இரண்டு சோட்டித்துணி எடுத்தார். ‘என்ன பெரியம்மா, பயமில்லையோ?’ என்று கேட்டதற்கு, “மோனை, எங்கட பெடியன் ஒருத்தன் செய்ததுக்கு எங்கள் எல்லாரையும் சோதனைச் சாவடியில இறக்கினாங்கள்தானே. அது பிழையெண்டால் இதுவும் பிழை” என்றார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஒருவர் செய்ததற்குக் கூட்டமாகக் குற்றம் சுமத்தக் கூடாது என்பதை நாற்பது வருடம் அனுபவித்துப் படித்தவர். வன்னியில் இந்தப் படிப்பு எல்லோருக்கும் இருக்கிறது. அதை எங்களுக்கு நடந்ததற்கு மட்டும் எடுக்கிறோமா, மற்றவருக்கு நடப்பதற்கும் எடுக்கிறோமா என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் நிர்வாகத்தைத் தெரிய வேண்டியிருக்கிறது. வீதி, குழாய்க்கிணறு, வாழ்வாதார ஆட்டுப் பட்டியல் எல்லாம் இந்தச் சங்கத்தின் கையெழுத்தோடுதான் மேலே போகும். ஊரில் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன, மலையகத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நிர்வாகத்தில் இரு பக்கத்திலிருந்தும் ஒருவரும் இல்லை. வேண்டாமென்று யாரும் எதிர்க்கவில்லை, பெயரை யாரும் சொல்லவுமில்லை. சென்ற கூட்டத்தில் நான் இதைக் கேட்டபோது, ‘அடுத்த முறை பார்ப்போம் ரீச்சர்’ என்று தலைவர் மரியாதையாகச் சொன்னார். அடுத்த கூட்டம் ஆவணியில். பொருளாளர் பதவிக்கு என் பழைய வகுப்புத் தோழியையும், செயலாளருக்கு மலையகப் பிள்ளையொருத்தியையும் முன்மொழிய இருக்கிறேன். அந்தப் பிள்ளை பட்டம் முடித்தவள், கணக்கு எழுதுவதில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டி. முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஊரில் ஓர் ஆள் வேண்டும், இந்தக் கிழமை வீடு வீடாகப் போய்க் கேட்கப் போகிறேன்.